லெடன்ஹால் மார்க்கெட்டுக்கு அடியில்

வணக்கம் நேயர்களே. மானுமெண்ட் ஸ்டேஷனில் இறங்கி லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் நடந்து வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட் வழியாகத்தான் போவீர்கள், வலது கைப் பக்கம் லெடன்ஹால் மார்க்கெட் வரும். அந்த இடத்தில், உங்கள் காலுக்குப் பல மீட்டர் கீழே, ரோமானியர் கால லண்டனின் ஃபோரம் கிடக்கிறது. தெரு, சந்தை, வங்கிக் கட்டடம், சர்ச் என்று எல்லாம் அதன் மேலேதான் நிற்கின்றன.

ஃபோரம் என்றால் ஒரு பெரிய முற்றம். மூன்று பக்கமும் கடைகளும் அலுவலக அறைகளும் இருக்கும், நான்காவது பக்கம் பசிலிக்கா என்ற நீளமான மண்டபம் இருக்கும். அந்த மண்டபத்தில்தான் வழக்கு நடக்கும், நகர நிர்வாகம் நடக்கும். நான் எங்கே பேசப் போனாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இது கோயிலோ அரண்மனையோ இல்லை, ஜனங்கள் வேலையாக வந்து போன இடம். இன்றைக்கு அதே தெருவில் நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ, ஏறக்குறைய அதற்காகத்தான் அவர்களும் போனார்கள்.

அங்கே ஃபோரம் வருவதற்கு முன்பே வியாபாரம் வந்துவிட்டது. பேங்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ப்ளூம்பெர்க் கட்டடத்துக்குத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட மரப் பலகைகள் கிடைத்தன. மெழுகு பூசி எழுத்தாணியால் கீறி எழுதும் பலகைகள். மெழுகு போய்விட்டது, ஆணி மரத்தில் பதிந்த கீறல் மட்டும் நின்றது. அதில் ஒன்று கடன் பத்திரம். கி.பி. 57 ஜனவரி 8ஆம் தேதி, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான திபுல்லுஸ் என்பவர், அவரைப் போலவே விடுதலையான கிராத்துஸுக்கு, வாங்கிய சரக்குக்கு 105 தினாரி, அதாவது 105 ரோமானிய வெள்ளிக் காசு, தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சக்கரவர்த்தி பெயரெல்லாம் பிறகு வரட்டும், இந்த ஊரின் கதையை இந்த இரண்டு பேரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு மூன்று நான்கு வருடம் கழித்துப் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பிய பிரிட்டன் நாட்டு அரசி பூடிக்காவின் படை வந்து ஊரையே கொளுத்திவிட்டது. அந்தத் தீயில் வெந்த செம்மண் அடுக்கு நகரத்தின் அடியில் இன்றும் பல இடங்களில் அகப்படுகிறது. ஆனால் இருபது வருடம் போல ஆனதும், அதே மேட்டில் முதல் ஃபோரத்தைக் கட்டினார்கள். அதுவும் போதாமல் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு, ஏறக்குறைய ஐந்து ஏக்கரில் இன்னொன்று எழுப்பினார்கள். அதன் பசிலிக்கா மட்டும் 160 மீட்டருக்கு மேல் நீளம்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவுக்கும் கல் எங்கிருந்து வந்தது? லண்டன் மண்ணில் கட்டடக் கல்லே கிடையாது நேயர்களே, தோண்டினால் களிமண், இல்லாவிட்டால் சரளை. கல் கென்ட்டிலிருந்து வர வேண்டும், மெய்ட்ஸ்டன் பக்கத்துக் குவாரிகளிலிருந்து. படகில் ஏற்றி மெட்வே ஆற்றில் இறக்கி, முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு, தேம்ஸில் அலை ஏறும் நேரம் பார்த்து மேலே கொண்டுவர வேண்டும். இப்படி வந்த ஒரு படகே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1962இல் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் கரைச் சுவர் வேலை நடந்தபோது, சேற்றில் மரக்கட்டைகள் தெரிந்தன. பீட்டர் மார்ஸ்டன் என்ற தொல்லியலாளர், தண்ணீர் வடிகிற கொஞ்ச நேரத்துக்குள் ஓடி ஓடித் தோண்டி எடுத்தார். இரண்டாம் நூற்றாண்டுக் கப்பல், உள்ளே சுமார் 26 டன் கென்ட் கல், இறக்கப்படாமல் அப்படியே மூழ்கியது. பாய்மரம் நட்டிருந்த குழியில் ஒரு செப்புக் காசு. அதில் அதிர்ஷ்ட தேவதை ஃபோர்த்தூனா, கையில் கப்பலின் சுக்கானோடு. யாரோ ஒரு கப்பல் கட்டுபவர் பயணம் நல்லபடியாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்த காசு அது! இந்தக் கல் ஃபோரத்துக்கு வந்த கல் என்று சொல்லவில்லை, அது கட்டி முடிந்த பிறகு மூழ்கிய கப்பல். ஆனால் ஃபோரத்துக்கும் இப்படித்தான் வந்திருக்கும், இந்த மாதிரி எத்தனையோ நடை, எத்தனையோ படகோட்டிகள். அங்கே ஒரு சுவர்த் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகோட்டிகள் ஞாபகம்தான் வரும்.

கல் அவ்வளவு பாடுபட்டு வந்ததால், ஃபோரம் போன பிறகும் யாரும் அதைச் சும்மா விடவில்லை. கி.பி. 300ஐ ஒட்டி பசிலிக்காவை இடித்தார்கள். ரோமுக்கு எதிராகக் கிளம்பிய கராவுசியுஸ் பக்கம் ஊர் நின்றதற்குத் தண்டனை என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. பிற்காலத்தவர் ரோமானியப் பொருளை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க டவர் ஹில்லில் ஆல் ஹாலோஸ் சர்ச்சுக்குள் போங்கள். 1940 குண்டுவீச்சுக்குப் பிறகு வெளியே தெரிந்த சாக்ஸன் வளைவு ஒன்று இருக்கிறது, ரோமானிய ஓடுகளாலேயே கட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். நிலவறைகளைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880களில் மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டியபோது பசிலிக்காவின் தூண் அடி ஒன்று கிடைத்தது, அது மூலையில் ஒரு முடிதிருத்தும் கடையின் நிலவறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அப்புறம் 2025 பிப்ரவரியில் வந்த செய்தி: 85, கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட்டின் நிலவறையில் சோதனைக் குழி போட்டதில் முதல் பசிலிக்காவின் அஸ்திவாரம், ஒரு மீட்டர் அகலத்தில், கிடைத்திருக்கிறது. நீதிபதிகள் உட்காரும் மேடை இருந்த பகுதி. அங்கே அடுக்குமாடி அலுவலகம் வரப்போகிறது, அஸ்திவாரத்தைப் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி உள்ளே வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். வைக்க வேண்டும், காசு வாங்காமல் வைக்க வேண்டும். இதை எழுதிக் கேளுங்கள், அந்த வழியாகத் தினமும் நடக்கிறவர்கள் நீங்கள்தான். அது திறக்கும் வரை, ப்ளூம்பெர்க் கட்டடத்தின் கீழே மித்ரேயம், அதாவது மித்ராஸ் என்ற தெய்வத்துக்கு ரோமானியர் கட்டிய கோயில், இருக்கிறது, வால்புரூக் தெரு வாசல், அனுமதி இலவசம், முன்பதிவு செய்துவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.