3,500 ரூபாய்க்குள் ஜூஸர் வாங்கலாமா? காவேரிப்பட்டணத்துச் சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அது போக, தினமும் காலையில் நான்கு பேருக்குக் கேரட், பீட்ரூட் சாறு எடுக்க வேண்டும். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சுரைக்காய்ச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஜூஸர் இவற்றுக்கெல்லாம் போதுமா, அல்லது மெதுவாகப் பிழியும் விலை கூடிய வகையைத்தான் வாங்க வேண்டுமா?"

தருமபுரியில் மிக்சி, கிரைண்டர், ஜூஸர் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். கேரட், பீட்ரூட், ஆப்பிள், வெள்ளரி, தோல் உரித்த சாத்துக்குடி ஆகியவற்றுக்கு அந்த விலை ஜூஸர் போதும். மாம்பழத்துக்கு எந்த விலை ஜூஸரும் வேண்டாம். உங்கள் வீட்டு மிக்சியே சரியான கருவி.

இந்த வகை ஜூஸருக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால் காரணம் விளங்கும். குழாய் வழியாக உள்ளே விழும் காய், அடியில் சுழலும் பல் வைத்த தட்டில் பட்டுத் துருவலாகிறது. அந்தத் தட்டும் அதைச் சுற்றியுள்ள எஃகு வலையும் ஒரே துண்டாக, நிமிடத்துக்குப் பெரும்பாலும் 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்தின் உலர்த்தி ஈரத் துணியிலிருந்து நீரை வெளியே தள்ளுவது போல, அந்த வேகம் துருவலிலிருந்து சாற்றை வலைக்கு வெளியே எறிகிறது. சக்கை சாய்வான வலைச் சுவரில் மேலேறிப் பின்பக்கப் பெட்டிக்குள் விழுகிறது. ஆகவே துருவலாக உடைந்து, நீர் தனியே பிரியக் கூடிய காய்க்கு மட்டுமே இந்த அமைப்பு பொருந்தும். மாம்பழம், பப்பாளி, சப்போட்டா, வாழைப்பழம் ஆகியவை துருவலாவதில்லை, கூழாகின்றன. கூழ் வலைக் கண்களை அடைத்துவிடுவதால், பாதிப் பழம் சாறாக வராமல் சக்கைப் பெட்டிக்குப் போய்விடும். நம் கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலும் பெங்களூரா மாங்காயைச் சாறு பிழிவதில்லை. கொட்டையை நீக்கி, சதையைச் சல்லடை வழியாக அழுத்தித் தேய்த்துக் கூழாகவே எடுக்கிறார்கள். வீட்டில் மிக்சியில் அரைத்து, நார் இருந்தால் வடிகட்டிக் கொள்வதும் அதே முறைதான். கீரையும் இந்த ஜூஸருக்கு ஏற்றதல்ல, ஏனென்றால் இலை தட்டில் சரியாக அரைபடாமல் முழுசாகவே பறந்து சக்கையோடு போய்விடும்.

அடுத்தது அளவு. நான்கு பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்று வைத்தால் தினமும் 600 மில்லி சாறு தேவைப்படும். இந்த விலையில் ஒழுங்காக வேலை செய்யும் ஜூஸர், நல்ல ஈரப்பதமுள்ள ஒரு கிலோ கேரட்டிலிருந்து ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை சாறு தரும். அப்படியானால் ஒவ்வொரு நாளும் சுமார் ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை காய் வேண்டும். ஜூஸரின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம், காயின் விலையையோ மாதம் முழுவதும் கொடுக்கிறோம் என்பதால், கடையில் விளக்கொளியையும் வண்ணத்தையும் பார்ப்பதைவிட, எவ்வளவு சாறு வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அதை வீட்டிலேயே அளக்கலாம். வாங்கிய முதல் வாரத்துக்குள், மாற்றிக் கொள்ளும் காலம் முடிவதற்கு முன்பே, அரைக் கிலோ கேரட்டைக் கழுவித் துடைத்து எடை போட்டுப் பிழியுங்கள். நுரை அடங்கிய பிறகு சாற்றையும், பெட்டியிலுள்ள சக்கையையும் தனித்தனியே எடை போடுங்கள். சாறு 200 கிராமுக்குக் கீழே நின்றால் அந்த ஜூஸரின் பிழியும் திறன் குறைவு என்று பொருள். பிறகு சக்கையை ஒரு மெல்லிய துணியில் இட்டுக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஓரிரு தேக்கரண்டி சாறு சொட்டுவது இயல்பு. தம்ளரில் பிடிக்கும் அளவுக்கு வடிந்தால் வலையோ, தட்டின் பற்களோ, மோட்டாரின் வேகமோ சரியில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், தள்ளுகோலை எப்படி அழுத்தினீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அவசரமாக அழுத்தினால் துருவல் தடிப்பாக விழும், மோட்டார் திணறும், சக்கை ஈரமாகவே வெளியேறும். மெதுவாக, சத்தம் தாழாத அளவுக்கு மட்டும் அழுத்தினால் அதே ஜூஸரில் கூடுதல் சாறு கிடைப்பதை நீங்களே காணலாம். மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் ஊர்களில் இந்த நிதானம் இன்னும் அவசியம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. குறைந்த விலை ஜூஸர்களில் சக்கைப் பெட்டியும் சாறு ஏந்தும் குவளையும் சிறியவை. ஒரு கிலோவுக்கு மேல் பிழியும்போது நடுவில் நிறுத்திப் பெட்டியைக் காலி செய்ய நேரிடும். நிறுத்தாமல் தொடர்ந்தால் சக்கை மூடிக்குள் மேலேறி வலையின் சமநிலையைக் கெடுக்கும். ஜூஸர் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தோடே ஓட்டுவதால், சுழலும் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து பழுதுக்கு வருபவை நிறைய. ஆட்டம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள், சுழற்சி முற்றிலும் நின்ற பிறகே பூட்டைத் திறங்கள். மூடி பூட்டப்படாமல் மோட்டார் ஓடக் கூடாது என்பதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாட் எண்ணைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது மோட்டார் இழுக்கும் மின்சாரம். அது காய்க்குக் கொடுக்கும் வலுவல்ல. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் 500 வாட் போதும். வாட்டைவிட, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம், அதன்பின் எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள், ஏனென்றால் எரிந்த மோட்டார்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் படிக்காமல் ஓட்டியவை. அதிகச் சுமையில் தானே நின்றுவிடும் ஓவர்லோடு சுவிட்சும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 500 வாட் ஜூஸரைத் தினமும் மூன்று நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட் ஆகும்.

இனி வலை. இந்த ஜூஸரின் ஆயுளே வலையில்தான் இருக்கிறது. பிழிந்த ஐந்து நிமிடத்துக்குள் கழுவினால், பிரஷால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தேய்த்துக் குழாய் நீரில் காட்டியதும் சுத்தமாகிவிடும். காலைப் பரபரப்பில் அப்படியே வைத்துவிட்டு மாலையில் கழுவினால், நார் கண்களில் காய்ந்து ஒட்டிக் கொள்ளும். ஊசியால் குத்தி எடுக்க முயன்று வலையைக் கிழித்தவர்கள் பலர். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. ஒகேனக்கல் குடிநீர் வரும் வீடுகளில்கூடப் பாத்திரம் கழுவுவதற்குக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நீர் காய்ந்து காய்ந்து வலைக் கண்களில் வெள்ளையாக உப்புப் படியும். சில மாதங்களில் சாற்றின் அளவு குறைந்து, மோட்டார் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கொண்டுவருவார்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீரில் வலையை அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். கேரட்டின் ஆரஞ்சுக் கறை பிளாஸ்டிக் பாகங்களில் ஏறிவிட்டால், அந்த நிறம் எண்ணெயில் கரையக் கூடியது என்பதால், சில சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம், வலை மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களில் எங்கே சேவை மையம் இருக்கிறது என்று கேளுங்கள். வலை தனியாகக் கிடைக்காத ஜூஸர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ், சுவிட்ச் போன்றவற்றை எந்தப் பழுது பார்க்கும் கடையிலும் மாற்றிவிடலாம். பற்கள் மழுங்கிய அல்லது கிழிந்த வலைக்கு மட்டும் மாற்று வழி கிடையாது.

மெதுவாகப் பிழியும் வகை, திருகு வடிவத் தண்டால் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாக ஓடி, காயை நசுக்கிச் சாறெடுக்கிறது. அதில் சக்கை நன்றாகக் காய்ந்து வரும், நுரை குறைவு, கீரையும் பிழியலாம், சத்தமும் குறைவு. விலை பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு, நேரமும் கூடுதலாகும். வேகமாகச் சுழலும் ஜூஸர் சாற்றைச் சூடாக்கி எல்லாச் சத்தையும் அழித்துவிடுகிறது என்று சொல்லி விற்கிறார்கள். அது மிகைப்படுத்திய பேச்சு. சில நொடிகளில் வெளியேறும் சாறு அப்படிச் சூடாவதில்லை. காற்று அதிகம் கலப்பதால் நுரைத்து, சீக்கிரம் நிறம் மாறிப் பிரியும் என்பது மட்டும் உண்மை. அதற்குத் தீர்வு, பிழிந்தவுடன் குடிப்பது; ஆப்பிளோடு சிறிது எலுமிச்சையைச் சேர்த்தால் கருப்பதும் தாமதமாகும். தினமும் கீரைச் சாறு குடிக்கும் பழக்கம் இருந்தால் மெதுவான வகைக்குப் பணம் சேர்த்து வையுங்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் காய்களுக்கு அது தேவையில்லை.

மாமனாரைப் பற்றிக் கேட்டதற்கும் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். எந்த ஜூஸராக இருந்தாலும் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய், சர்க்கரை சாற்றில் தங்குகிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. கேரட், பீட்ரூட் சாறு அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதே காயைப் பொரியலாகச் செய்து கொடுப்பது அவருக்கு நல்லது. மிஞ்சும் கேரட் சக்கையைச் சப்பாத்தி மாவில் பிசையலாம், வீட்டில் மாடு இருந்தால் அதற்கும் போடலாம்.

சுரைக்காய்ச் சாற்றில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சில காய்களில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்பு நஞ்சு மிகுந்திருக்கும். அத்தகைய சாற்றைக் குடித்தவர்கள் கடுமையான வாந்தி, இரத்தப்போக்குக்கு ஆளானதும், சிலர் உயிரிழந்ததும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. மற்ற சாற்றோடு கலந்துவிட்டால் கசப்பு மறைந்துவிடும் என்பதால், ஜூஸருக்குள் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். சிறிதளவு கசந்தாலும் அந்தக் காயை எறிந்துவிடுங்கள். தெரியாமல் குடித்து வயிற்று வலியோ வாந்தியோ தொடங்கினால் வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன குடித்தார் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.