‘பொங்கல்’னு அச்சடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் துணிப்பையை எடுங்க!

வணக்கம் மக்களே, மலேசியா சுங்கை சிப்புட்ல இன்னிக்கும் மழை. போன வீடியோவுல பிரிச்ச ஏ4 ஸ்கிரீன் பிரிண்டிங் கிட் இதுதான். பெட்டி முழுக்க எழுத்து, மெஷ், அதான் மை இறங்குற வலைத்துணி, அதோட நம்பர் மட்டும் எங்கேயும் இல்ல! எனக்கு எரிச்சலே அதுதான். துணிப்பைக்கு 43டி வேணும், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. 120டி காகிதத்துக்கு அருமை, துணியில மை பத்தாம வெளிறிப் போகும். கேட்டுட்டு வாங்குங்க.

முதல் ஸ்கிரீனுக்கு ஃபிலிம்ல, அதாவது ஒளி ஊடுருவுற தாள்ல, ‘பொங்கல்’னு எழுதுங்க, வேற வார்த்தை வேணாம். மெஷ்ல பூசுற எமல்ஷன் லைட் பட்ட இடத்துல இறுகும், எழுத்து மறைச்ச இடம் கழுவும்போது திறந்து மைக்கு வழி விடும். கழுவும்போது கொம்போட சுழியும் ‘க’வோட வயிறும் உதிர்ந்து அடைச்ச மாதிரி விழுந்தா, எமல்ஷன் சரியா இறுகல. ங், ல் மேல இருக்கிற புள்ளி திறக்கவே இல்லையா? லைட் கூடிப்போச்சு. முதல் ரெண்டு பையில புள்ளி வந்து அப்புறம் காணாமப் போனா, மை மெஷ்லயே காஞ்சிருச்சு.

சுழி உதிர்ந்ததும் எல்லாரும் லைட்டைத்தான் திட்டுறாங்க. நம்ம ஊர்ல பாதி நேரம் குத்தம் ஈரத்தோடது! பூசுன எமல்ஷன் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். ஈரம் இருந்தா எவ்வளவு லைட் பட்டாலும் எமல்ஷன் ஒழுங்கா இறுகாது. வெளிச்சம் புகாத பெட்டியில, அச்சுப் பக்கம் (துணியில படுற பக்கம்) கீழே பார்க்க ஃபிரேமைப் படுக்க வைங்க. கூட சின்ன விசிறி, சிலிக்கா ஜெல் பாக்கெட். ராத்திரி முழுக்க விடுங்க. ஈரமானி 50 சதவீதத்துக்குக் கீழ காட்டணும். ஹேர் டிரையர் சூடு வேணவே வேணாம், 40 டிகிரி தாண்டுனா எமல்ஷன் கெட்டுப்போகும்.

ஐயோ, அதுக்கு முன்னாடி ஒண்ணு விட்டுட்டேன்: எமல்ஷன் பூசுறதுக்கு முன்ன மெஷ்ஷ பாத்திர சோப்பு போட்டுக் கழுவி முழுசா காய வைங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஊசித்துளை விழும்.

எவ்வளவு நேரம் லைட் காட்டணும்னு தெரிய, ஸ்கிரீனை அட்டையால மூடி, 2 நிமிஷத்துக்கு ஒரு தரம் அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்க, அப்புறம் கழுவிப் பாருங்க. எந்தப் பட்டையில சுழியும் புள்ளியும் ரெண்டும் நிக்குதோ அதுதான் உங்க லைட்டுக்கு நேரம். ஃபிலிம்ல மை இருக்கிற பக்கம் எமல்ஷன்ல ஒட்டணும், மேல கண்ணாடி வச்சு அழுத்துங்க. இடைவெளி இருந்தா ஓரமெல்லாம் மங்கிரும்.

அச்சடிக்கும்போது ஃபிரேமோட நாலு மூலையிலயும் ரெண்டு ரெண்டு காசு வச்சுத் தூக்குங்க, மெஷ் துணியில ஒட்டாது. ஒவ்வொரு பை முடிஞ்சதும் ஃபிரேமைத் தூக்கி, அழுத்தாம மையை ஒரு தரம் இழுத்து விடுங்க. புள்ளி காயாது லா!