கார்பன் வெளிச்சத்தில் நம்ம ஊர்க் கொட்டகை

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வானம் மிரட்டிக்கொண்டிருக்கிறது, ஆற்றிலும் தண்ணீர் கூடிவிட்டது என்கிறார்கள். அப்படியிருந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பீடித் தட்டை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமாரையும் பார்க்கிறேன். இன்றைய பேச்சில் உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இப்போது கல்யாண மண்டபமாக நிற்கிற இடத்தில் நம்ம சினிமாக் கொட்டகை இருந்தது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். தியேட்டர் பேச்சு என்றால் வழக்கமாக எந்த நடிகர் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தப் படத்துக்குக் கதவு உடைந்தது என்றுதான் போகும். அதை டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். அந்தப் படங்களெல்லாம் இன்றைக்குச் செல்போனில் கிடைக்கின்றன. கிடைக்காமல் போனவற்றைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன்.

சினிமா நம் நாட்டுப்புறத்துக்குக் கூடாரத்தில்தான் வந்து சேர்ந்தது. 1905-இல் கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டார். தென்னாட்டில் டூரிங் சினிமாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர். 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தது. அப்புறம் தமிழ்நாடெங்கும் அறுவடை முடிந்த வயல்களிலும் பொட்டல்களிலும் கீற்றுக் கொட்டகைகள் முளைத்தன. 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதற்கு 1957-இல் வந்த விதிகளும் டூரிங், நிரந்தரம் என்று வகை பிரித்து உரிமம் கொடுத்தன. டூரிங் கொட்டகைக்குக் காலவரையறையோடுதான் உரிமம். நம்ம கொட்டகையும் கீற்றும் மணலுமாகத் தொடங்கி, பிறகு சுவர் வைத்து, தகரம் போட்டு, பால்கனி என்ற பேரில் நாலு வரிசை சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. திருநெல்வேலி டவுன் தியேட்டர்களான ராயலும் ரத்னாவும் பார்வதியும் நமக்கு ரொம்பப் பெரிய இடங்கள். அங்கே போவது தீபாவளிக்கு ஒரு தடவை. வாரா வாரம் போகிற இடம் இதுதான்.

சாயங்காலம் கூரை மேல் இருக்கிற குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு வரும். வயலில் களை பறிக்கிறவர்கள் கரையேறுவார்கள். ஆற்றில் குளிக்கிறவர்கள் துணியைப் பிழிவார்கள். கடைசிப் பாட்டு முடிந்தால் டிக்கெட் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் போகிறவன் நியூஸ் ரீலைத் தவற விட்டவன். பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு இரண்டாம் ஆட்டம். ராத்திரி ஒரு மணிக்குக் கூட்டமாகப் பேசிக்கொண்டே வாய்க்கால் கரையில் நடந்து வருவார்கள். படத்தைப் பார்க்காதவர்களும் அந்தப் பேச்சிலேயே பாதிக் கதையைத் தெரிந்துகொள்வார்கள்.

மேலே ஒரு சின்ன அறை இருந்தது. கேபின். அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்த அண்ணாச்சி இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் விரும்பாததால் பெயர் சொல்லவில்லை.

புரொஜெக்டருக்குள் பல்பு கிடையாது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு கார்பன் குச்சிகள். பென்சில் கனம் இருக்கும், மேலே செம்பு பூசியிருக்கும். இரண்டின் நுனியையும் முட்டவிட்டுச் சற்றே விலக்கினால் நடுவில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் பிறக்கும். பின்னால் இருக்கிற குழிந்த கண்ணாடி அதைக் குவித்துப் படத்தின் மேல் அனுப்பும். குச்சிகள் எரிய எரியக் குட்டையாகும், இடைவெளி கூடும், திரையில் படம் மங்கும். அதனால் கறுப்புக் கண்ணாடி வழியே நுனியைப் பார்த்துக்கொண்டே திருகைச் சிறுகச் சிறுகத் திருகி இரண்டையும் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்த நெருப்புப் பக்கத்தில் மூன்று மணி நேரம். உதவிக்கு நிற்கிற பையனிடம், "ஏலே, குச்சி தீந்துட்டு, அடுத்தத எடு" என்பார். எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் பிந்தினால் கீழே விசில் பறக்கும்.

படம் ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓடும். அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. ஒரு மிஷின் மட்டும் இருந்த டூரிங் காலத்தில் ஒவ்வொரு தடவை சுருள் மாற்றும்போதும் ஓர் இடைவேளை. முறுக்குக்காரருக்கும் கலர் சோடா விற்கிறவருக்கும் அதுதான் வியாபாரம். இரண்டாவது மிஷின் வந்த பிறகு, ஓடுகிற சுருள் முடியப்போகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்று வந்து போகும். அது தெரிந்ததும் அடுத்த மிஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில விநாடிகளில் இரண்டாவது புள்ளி. அந்தக் கணத்தில் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போதே மிஷின் மாறிவிடும். கீழே ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் செய்வதுதான் அண்ணாச்சியின் வேலை. எத்தனை வருஷம் கைதட்டு வாங்காமல் அதைச் செய்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இப்போது தட்டுங்கள்.

நன்றி. சரி, கீழே வருவோம்.

தரை, பெஞ்சு, சேர். தரையில் நடுவே இடுப்பளவு சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தியேட்டருக்குள் சாதி இல்லை, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. நம் ஜில்லாவில் எந்தத் தெரு எங்கே முடிகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தத் தெரு சில சமயம் டிக்கெட் வரிசையிலும் வந்து நின்றது. போஸ்டரில் சாணி அடித்ததற்கு ஊரே இரண்டுபட்டதும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு பக்கத்தில் இருப்பது எந்தத் தெருக்காரன் என்று பார்க்க முடியாது. ஒரே வசனத்துக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். கோயிலுக்குள்ளும் டீக்கடையிலும் அந்த அளவு நெருக்கம் அன்றைக்குக் கிடைக்கவில்லை. காசு கொடுத்தவனை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் வந்த நெருக்கம் அது. இருந்தாலும் வந்தது.

பெண்கள் பக்கத்துக்கு வருகிறேன். கடையம், முக்கூடல், ஆழ்வார்குறிச்சி, மேலப்பாளையம் என்று நம் பக்கமெல்லாம் பீடி சுற்றாத வீடு குறைவு. இலையை நனைத்து, கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனி மடக்கி, ஆயிரம் முடித்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பேசும்போதும் கை ஓடும், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டும் கை ஓடும். சம்பளம் கையில் வந்த சனிக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து மாட்னிக்குக் கிளம்புவார்கள். "மைனி, ஒனக்கும் சேத்து எடுத்துட்டேன், வா" என்று தெருவில் குரல் கேட்கும். வீட்டு ஆண்கள் துணை இல்லாமல், காரணம் சொல்லாமல், அவர்கள் போக முடிந்த இடங்கள் கோயிலும் ஆறும் இந்தக் கொட்டகையும்தான். அந்த மூன்று மணி நேரமும் அவர்கள் கை சும்மா இருந்தது. என் அம்மா தியேட்டரில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விரல் நுனி புகையிலைப் பழுப்பில் இருக்கும், அசையாமல் இருக்கும். வேறெங்கும் அந்தக் கைகளை அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் டிவி வந்தது. முதலில் இலங்கை ரூபவாகினி. மொட்டை மாடிகளில் உயரமான ஆன்டெனா கட்டி, புள்ளி புள்ளியாகத் தெரிந்ததைப் பார்த்தோம். 1987-இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்து தூர்தர்ஷன் தெளிவாயிற்று. வாடகை வீடியோ டெக், திருட்டு கேசட், 1993-இல் சன் டிவி, தெருத் தெருவாகக் கேபிள். எல்லாருக்கும் தெரிந்த கதை இது. சொல்லப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்த பெண்களின் கை நிற்கவில்லை. பீடித் தட்டு மடியிலேயே இருந்தது. படம் பார்க்க வேலையை நிறுத்த வேண்டிய கட்டாயம் போய்விட்டது, கூடவே ஓய்வும் போய்விட்டது. தியேட்டர் மூடியதில் யாருக்கு அதிக நஷ்டம் என்று கேட்டால் நான் முதலாளியைச் சொல்ல மாட்டேன், ரசிகர் மன்றத்தையும் சொல்ல மாட்டேன். இந்த அக்காமாரைச் சொல்வேன்.

டிவி மட்டும் கொட்டகையைக் கொல்லவில்லை. முன்பெல்லாம் படத்துக்குச் சில பிரதிகள்தான் போடுவார்கள். நகரத்தில் ஓடி முடித்த படப் பெட்டி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருந்து நமக்கு வரும். பழைய படங்களும் சுற்றிச் சுற்றி வரும். அந்த இரண்டாம் சுற்றில்தான் சின்ன ஊர்க் கொட்டகை பிழைத்தது. பிரதிகள் பெருகி, எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியிட்டு இரண்டே வாரத்தில் வசூலை எடுத்துவிடும் பழக்கம் வந்தபோது, காத்திருந்து வாங்குவதற்குப் பெட்டியில் மிச்சம் ஒன்றும் இல்லை. நமது கொட்டகை அப்போதே மூடிவிட்டது. தாக்குப் பிடித்த கொட்டகைகளுக்கு அப்புறம் டிஜிட்டல் வந்தது. பெட்டியே வேண்டாம், மிஷினை மாற்று என்றார்கள். அந்தச் செலவுக்கு மனையை விற்றுவிடலாம் என்று பலர் முடிவெடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலி நாற்காலிகளுக்கு டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நம்ம கொட்டகையின் மிஷினைப் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றார்கள். பதிவேடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. என்ன படம், எத்தனை டிக்கெட், யார் யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு தாள் இல்லை. அறுபதாண்டுக் கோயில் திருப்பணிக்குக் கல்வெட்டு வைக்கிற ஊர் இது. இதற்கும் ஏதாவது வைக்க வேண்டாமா?

பரண்களில் கொஞ்சம் இருக்கும். ரோஸ் நிற, பச்சை நிற நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கிழித்த டிக்கெட், பிலிம் துண்டு, போஸ்டர் ஒட்டிய தட்டி வண்டியோடு நிற்கிற போட்டோ. எது இருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம். பொருள் இல்லாதவர்கள் பேச்சைக் கொண்டுவாருங்கள். அக்காமார் கட்டாயம் வர வேண்டும். மாட்னிக்குக் காசு எப்படிச் சேர்த்தீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லித்தான் எழுத முடியும்.

பதிவை இன்றைக்கே தொடங்கிவிடலாம். சட்டைப் பையில் பாதி எரிந்த கார்பன் குச்சி ஒன்று வைத்திருப்பதாக அண்ணாச்சி கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார். அதை எப்படிப் பொருத்துவது என்று காட்டவும் சம்மதித்திருக்கிறார். அண்ணாச்சி, மேலே வாங்க. மைக் உங்களுக்கு.