ஏழை நாட்டு ஆபரேஷன், பணக்கார நாட்டு ஆபரேஷன்: ஏற்காட்டுல இருந்து பார்த்தா

(திரையில்: ஏற்காடு எஸ்டேட், சில்வர் ஓக் மரத்துல ஏறுன மிளகு கொடி)

வணக்கங்க. ஏற்காட்டுல மிளகு பறிக்கிறவங்கள பாத்திருப்பீங்க, சில்வர் ஓக் மரத்துல மூங்கில் ஏணிய சாத்திட்டு இடுப்புல சாக்கு கட்டிக்கிட்டு அவ்ளோ உயரத்துல நிப்பாங்க. அங்கேர்ந்து ஒருத்தர் விழுந்து முழங்காலுக்கு கீழ எலும்பு முறிஞ்சு தோல கிழிச்சிக்கிட்டு வெளிய வந்துருச்சுன்னு வைங்க. காயத்துல மண்ணு இருக்கும். ஆன்டிபயாடிக் சீக்கிரமா ஏறணும், ஆபரேஷன் தியேட்டர்ல வெச்சு சலைன் ஊத்தி ஊத்தி கழுவணும், செத்துப்போன சதைய வெட்டி எடுக்கணும், அப்புறம் தான் எலும்ப ராடு வெச்சு நிறுத்துவாங்க. இது லேட்டாயிருச்சுன்னா சீழ் எலும்புக்குள்ள எறங்கிரும், கால காப்பாத்துறதே பெரும்பாடு.

இத ஏன் சொல்றேன்னா, ஒரு ஊர்ல ஆபரேஷன் வசதி இருக்கா இல்லையான்னு பாக்க மூணே மூணு ஆபரேஷன கேட்டா போதும்னு 2015ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழு, லான்செட் கமிஷன், ஒரு அறிக்கைல சொன்னாங்க. ஒண்ணு சிசேரியன், ரெண்டாவது வயித்த திறந்து பாக்குற ஆபரேஷன், மூணாவது இந்த மாதிரி எலும்பு வெளிய வந்த முறிவு. இந்த மூணையும் பண்ற ஆஸ்பத்திரியால மத்ததுல முக்காவாசிய பண்ணிர முடியும். அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயி சேரணும், அது தான் அவங்க போட்ட கோடு.

உலகத்துல 500 கோடி பேருக்கு பாதுகாப்பான, கைக்கு கட்டுப்படியாகுற ஆபரேஷன் கிடைக்கலைன்னு அதே அறிக்கைல இருக்கு. வருஷத்துக்கு சுமார் 31 கோடி ஆபரேஷன் நடக்குது, ஆனா உலக ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல வாழுற ரொம்ப ஏழை நாடுகள்ல அதுல 6 சதவீதம் தான் நடக்குது.

சரி, ஒரு நாட்டுக்கு காசு வர வர தியேட்டருக்குள்ள என்ன மாறுது? எண்ணிக்கை கூடும்னு எல்லாரும் சொல்லிருவோம். ஆனா என்ன ஆபரேஷன் நடக்குதுங்கிறதே மாறிருது, எனக்கு இதுல முக்கியமா படுறது அது தான். 2012 கணக்குல, மருத்துவத்துக்கு ரொம்ப கம்மியா செலவு பண்ற நாடுகள்ல நடந்த 100 ஆபரேஷன்ல 30 சிசேரியன். நிறைய செலவு பண்ற நாடுகள்ல 100க்கு 3 கூட இல்ல. பணக்கார நாட்டுல சிசேரியன் கம்மின்னு தப்பா எடுத்துக்காதீங்க, அங்க கண்புரை, மூட்டு, பித்தப்பை, ஹார்ட், கேன்சர்னு மத்ததெல்லாம் அவ்ளோ நடக்குது, அதனால சிசேரியன் அதுக்குள்ள சின்னதாயிருது. ஏழை நாட்டுல இருக்கிற ஒரே தியேட்டரும் இருக்கிற ஒரே டாக்டரும் தாயையும் புள்ளையையும் காப்பாத்துறதுக்கே சரியா போயிருது. குடலிறக்கத்தோட மூட்டை தூக்குறவர் வருஷக்கணக்கா அப்படியே தூக்கிட்டு இருப்பாரு.

(திரையில்: ஒரு சின்ன தியேட்டர், டேபிள், சிலிண்டர், ஆட்டோக்ளேவ்)

கத்தி புடிக்கிற டாக்டர் இருந்தா போதும்னு நாம நினைக்கிறோம்ல, அங்க தான் சிக்கலே. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சிசேரியன் நடக்கணும்னா முதுகுல ஊசி போட மயக்க டாக்டர் வேணும், ஆக்சிஜன் வேணும், கரண்ட் போனா உடனே ஜெனரேட்டர் ஓடணும், கருவியெல்லாம் ஆட்டோக்ளேவ்ல, அதாவது நீராவில கிருமிய கொல்ற மெஷின்ல, வெந்து ரெடியா இருக்கணும், ரத்தப்போக்கு அதிகமானா அந்த குரூப் ரத்தம் பக்கத்துலயே இருக்கணும், கொரோனா டைம்ல நாமெல்லாம் விரல்ல மாட்டுனோமே பல்ஸ் ஆக்சிமீட்டர், அது ஒண்ணு வேணும், இதுல ஒண்ணு இல்லைன்னாலும் சர்ஜன் கைய கட்டிட்டு நிக்க வேண்டியது தான். அதனால தான் வளர்ற நாட்டுல சர்ஜன விட இந்த மத்தது வந்து சேர தான் ரொம்ப காலம் ஆகுது.

மொசாம்பிக்ல டாக்டரே பத்தலைன்னு 1984ல இருந்து டாக்டர் இல்லாத ஹெல்த் ஒர்க்கருங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து சிசேரியன் பண்ண வெச்சாங்க, கிராமப்புற ஆஸ்பத்திரிகள்ல அவங்க தான் முக்காவாசி பண்றாங்க. நம்ம நாட்டுலயும் எம்பிபிஎஸ் டாக்டருங்களுக்கு மயக்க மருந்து ட்ரெயினிங் குடுத்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புற திட்டம் இருக்கு. இத குறுக்கு வழின்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், ஆளே இல்லாத எடத்துல இது உசுர காப்பாத்துது.

இன்னொரு பக்கம், சில ஆபரேஷன் காணாமலே போகும். ஒரு காலத்துல நம்ம பக்கம் அல்சர் ஆபரேஷன் எவ்ளோ சகஜம்னு வயசான சர்ஜன்கள கேட்டுப் பாருங்க. 1982ல ஆஸ்திரேலியால பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதுக்கு ஒரு பாக்டீரியா காரணம்னு கண்டுபிடிச்சாங்க, 2005ல நோபலும் வாங்குனாங்க, இன்னைக்கு அல்சர் பெரும்பாலும் மாத்திரைலயே முடியுது. அந்த எடத்துக்கு வேற வந்து உக்காந்துக்கிச்சு: சுகர் புண்ணுல விரல் எடுக்குறது, பைபாஸ், மூட்டு மாத்துறது.

அப்புறம் தேவைக்கு மேல போறதும் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நடக்குற பிரசவங்கள்ல சிசேரியன் 2015-16ல 34.1 சதவீதம், 2019-21ல 44.9 சதவீதம். இந்தியா முழுக்க 21.5 தான். ஒரு நாட்டுல பிரசவத்துல சிசேரியன் 10 சதவீதத்துக்கு மேல போனா தாய் சேய் சாவு அதனால இன்னும் கொறையுறதா தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த பிரசவத்துல நஞ்சுக்கொடி பழைய தழும்புல ஒட்டிக்கிற ஆபத்த கூட்டுது. தேவைப்பட்டவங்களுக்கு கண்டிப்பா வேணும், ஆனா பாதிக்கு பாதி பேருக்கு தேவையான்னு நாம வாய தொறந்து கேக்கணுங்க.

காசு விஷயத்துக்கு வருவோம். 2009ல கலைஞர் காப்பீட்டு திட்டம், 2012ல முதலமைச்சர் காப்பீடு, 2008ல 108, விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை 2021 டிசம்பர்ல இருந்து. இதெல்லாம் சாதாரண விஷயம் இல்ல. உலகத்துல வருஷத்துக்கு 3.3 கோடி பேர் ஆபரேஷன் செலவால நொடிஞ்சு போறாங்க. இன்னொரு 4.8 கோடி பேர் நொடியுறது ஆபரேஷன் பீஸால இல்லைங்க, வண்டி வாடகை, தங்குறது, சாப்பாடு இதாலயே.

இப்ப அந்த மிளகு பறிக்கிறவருக்கே வருவோம். பெரிய கேஸ்னா அவர் சேலம் ஜிஎச்சுக்கு தான் எறங்கணும், 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு டவுன்லருந்துன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துரலாம், மலைல இன்னும் உள்ள தள்ளி இருக்கிற ஊருன்னா மெயின் ரோட்டுக்கு தூக்கிட்டு வர்ற நேரத்தையும் கூட்டிக்கோங்க. ஆபரேஷன் ஃப்ரீயா நடந்தாலும் கூட இருக்கிற சம்சாரத்துக்கும் எஸ்டேட் கூலி போச்சு, அவருக்கு மாசக்கணக்குல ஏணி ஏற முடியாது. மூட்டு மாத்துற ஆஸ்பத்திரியும், முறிஞ்ச கால் காயத்த நேரத்துக்கு கழுவ முடியாத மலை ஊரும் ஒரே மாவட்டத்துல தான் இருக்கு. அதனால புது ஆஸ்பத்திரி திறக்குறாங்கன்னு நியூஸ் வந்தா எத்தன பெட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, ராத்திரி மயக்க டாக்டர் இருப்பாரா, ரத்தம் இருக்குமா, அந்த மூணு ஆபரேஷனும் அங்கயே நடக்குமான்னு கேளுங்க, கிராம சபைல எழுந்து நின்னு கேளுங்க.