தருமி புலம்பினான், நாம் சிரித்தோம்

நடுவர் அவர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா நாகேஷ் நடித்த நீர்க்குமிழி படத்தில் ஆரம்பித்து நம்மவர் படத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தபோது முன்வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானும் பார்த்தேன். நல்ல பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கலங்கவைத்த நாகேஷுக்காக வாதாட வந்தவர், சபை கொஞ்சம் அசந்த மாதிரி தெரிந்தபோதெல்லாம் ஒரு தடவை தருமி மாதிரி பேசிக் காட்டினார், இன்னொரு தடவை வைத்தி மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். அந்தக் கைதட்டல் மொத்தமும் எங்கள் அணியிடம் வாங்கிய கடன். தீர்ப்பு எழுதும்போது அதை வட்டியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, நாகேஷின் நடிப்புத்திறனுக்குப் பெரிய சாட்சி சிரிக்கவைத்த வேடங்களா, கலங்கவைத்த வேடங்களா என்பது. எதிரணி என்ன சொல்கிறது? சிரிக்கவைக்க யார் வேண்டுமானாலும் முடியும், அழவைக்கத்தான் நடிப்பு வேண்டும், ஆகவே நாகேஷ் வெறும் நகைச்சுவை நடிகர் அல்ல, பெரிய நடிகர் என்கிறார்கள். அந்த 'வெறும்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. அவரை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

ஆரம்பத்தைப் பாருங்கள். 1933இல் பிறந்தவர், கன்னடம் பேசும் குடும்பம், வளர்ந்தது தாராபுரத்தில். அம்மை போட்டுத் தழும்பு விழுந்த முகம், காற்றடித்தால் ஆடிவிடும் உடம்பு. சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அங்கே ஊழியர்கள் போட்ட ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரன் என்று ஒரு துண்டு வேடம். வந்தோமா, வலிக்கிறது என்றோமா, போனோமா என்று முடிகிற வேடம். நாகேஷ் அதில் துடித்த துடிப்பில் அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அந்தப் பையனைப் பாராட்டினார். இது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் அக்காவுக்காக ஒரு தடவை நிறுத்திச் சொல்கிறேன்: அந்த வேடம் வலி. கையில் கிடைத்தது வலி, சபைக்குக் கொடுத்தது சிரிப்பு. 1959இல் தாமரைக்குளம் படத்தில் கேமரா முன்னால் வந்து நிற்பதற்கு முன்பே இந்த மனிதருக்கு அந்த வித்தை கைவந்துவிட்டது. வலியை வலியாகக் காட்டுவது அதில் பாதி வேலைதான், நடுவர் அவர்களே.

சரி, தருமிக்கு வருவோம். திருவிளையாடல், 1965. பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. தருமி என்கிற ஏழைப் புலவனுக்கு அந்தப் பணம் வேண்டும், பாட்டு வரவில்லை. கோயிலில் நின்று தனியாகப் புலம்புகிறான். கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் இதில் சிரிக்க ஒரு வரி உண்டா? பசி, பொறாமை, கிடைக்காது என்று தெரிந்தும் விட முடியாத ஆசை. இதை வேறொரு நல்ல நடிகரிடம் கொடுத்திருந்தால் தூணில் சாய்ந்து, மேலே பார்த்து, குரலை நடுங்கவைத்து நம்மை அழவைத்திருப்பார். நாமும் அழுதுவிட்டு, அடுத்த காட்சியில் மறந்திருப்போம். நாகேஷ் என்ன செய்தார்? தனக்குக் கிடைக்காது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார், அடுத்த மூச்சில் ஆயிரம் பொன் நினைவுக்கு வந்து தீர்ப்பைத் தானே மாற்றுகிறார், கடவுளிடம் கெஞ்சுகிறாரா கோபிக்கிறாரா என்று அவருக்கே தெரியாத குரல், கால் ஒரு பக்கம் போகிறது, மனசு இன்னொரு பக்கம் இழுக்கிறது, வேட்டி துண்டெல்லாம் அந்த அவஸ்தையில் சேர்ந்து நடிக்கிறது. அப்புறம் சிவாஜியே சிவனாக வந்து எதிரில் நின்று பாட்டைக் கொடுக்கும்போது, இலவசமாக வருகிற பொருளைச் சந்தேகப்படும் ஏழையின் புத்தியோடு அவரையே பரீட்சை வைக்கிறார் பாருங்கள், அங்கே சிவாஜி கணேசன் என்ற மலைக்கு முன்னால் அந்த ஒல்லி உடம்பு ஒரு அங்குலம் பின்வாங்கவில்லை.

அவையில் நக்கீரர் பாட்டில் குற்றம் என்று தடுக்கிறார். உடனே தருமி, குற்றம் எவ்வளவோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்களேன் என்கிற மாதிரி பேரம் பேசுகிறான். தியேட்டரே வெடிக்கும் இடம். மானம் போகிற நேரத்திலும் மிச்சப் பொன்னை நினைக்கிறவன் எத்தனை நாள் பட்டினி கிடந்திருப்பான்? எதிரணி பத்து நிமிஷம் அழுது சொன்னதை நாகேஷ் ஒரு பேரத்தில் சொல்லிவிட்டார். அதுவும் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, உங்களுக்குத் தெரியாமல்.

எதிரணித் தலைவர் தலையை ஆட்டுகிறார். ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லை கழுத்துச் சுளுக்கா? பரவாயில்லை, அடுத்ததைக் கேளுங்கள்.

காதலிக்க நேரமில்லை, 1964. ஸ்ரீதர் இயக்கிய படம். பணக்கார அப்பாவாக டி.எஸ். பாலையா, சினிமாப் பைத்தியம் பிடித்த மகன் செல்லப்பாவாக நாகேஷ். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி. இன்றைக்கும் கையில் காசில்லாமல் பெரிய பேச்சுப் பேசுகிறவனைப் பார்த்தால் அந்தக் கம்பெனி பெயரைத்தானே சொல்கிறோம்! அதில் மகன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. காட்டில் பேயைக் காட்டவில்லை, பாழடைந்த பங்களாவைக் காட்டவில்லை. ஒரு அறை, ரெண்டு பேர். சத்தத்தை வாயால் போடுகிறார், இருட்டைக் கண்ணால் காட்டுகிறார், நடக்கிற காலை விரலால் நடக்கவிடுகிறார். எதிரே பாலையா முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, வேர்த்து, கடைசியில் நிஜமாகவே பயந்துவிடுகிறது. அது பாலையாவின் காட்சி என்று சிலர் சொல்வார்கள். நானும் பாதி ஒத்துக்கொள்வேன். மூத்த நடிகருக்கு அந்தப் பாதியை விட்டுக்கொடுத்து, அவர் முகத்தை நாம் பார்க்கும்படி தன் கதையை இடம் விட்டு இடம் விட்டுச் சொன்னதுதான் நாகேஷின் பாதி. சிரிக்கவைக்க யார் வேண்டுமானாலும் முடியும் என்றீர்களே அக்கா, இந்தக் காட்சியை எத்தனை ஆண்டுவிழாவில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்! வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். பாலையா பயந்த மாதிரி எதிரே இருப்பவரைப் பயப்படவைத்தவர் யாராவது உண்டா?

வைத்தியை நான் விடமாட்டேன். தில்லானா மோகனாம்பாள், 1968. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதையிலிருந்து வந்த பாத்திரம், சவடால் வைத்தி. கொஞ்சம் யோசியுங்கள், அவன் தொழில் என்ன? நாட்டியக்காரிப் பெண்ணைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிற தரகு. படத்திலேயே மோசமான ஆள் அவன்தான். இதை வில்லனாக நடித்திருந்தால் நாம் பல்லைக் கடித்திருப்போம், நம் மேல் ஒரு பழியும் வந்திருக்காது. நாகேஷ் குழைகிறார், நெளிகிறார், பணம் இருக்கும் திசையில் முதுகு தானாக வளைகிறது, நாம் சிரித்துவிடுகிறோம். சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கிறது. இவனை மாதிரி ஆட்களை ஊரில் நாம் எப்படிச் சகித்துக்கொள்கிறோம் என்பதற்கும் பதில் அதில் இருக்கிறது. கண்ணீர் வேடத்தில் பார்வையாளனுக்கு இந்தச் சங்கடம் உண்டா? அழுதவுடன் நாம் நல்லவர்களாகிவிடுகிறோம், வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது அவர்கள் கோட்டைக்குள்ளேயே போகிறேன். எதிர்நீச்சல், அதே 1968. மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் மாது, ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாருக்கும் எடுபிடி, அவர்கள் போட்டால் சாப்பாடு. அழவேண்டிய கதைதான், அழுதோம். ஆனால் மாது அழுவதனாலா அழுதோம்? யார் கூப்பிட்டாலும் ஓடுகிறான், திட்டினாலும் ஒரு பதில் வைத்திருக்கிறான், பசியை ஒரு தமாஷாக்கிச் சொல்கிறான். அந்த ஓட்டம், அந்த நேரக்கணக்கு, பதில் சொல்வதற்கு முன் விடும் அந்தச் சின்ன இடைவெளி எல்லாமே நகைச்சுவை நடிகன் வருஷக்கணக்கில் மேடையில் பழகியது. நீர்க்குமிழியும் அப்படித்தான். பாலசந்தர் இயக்கிய முதல் படம், 1965. ஆஸ்பத்திரியையே கலகலப்பாக்கிக்கொண்டு திரிகிறவன் சாகப்போகிறான். அவன் கலகலப்பாக இல்லாவிட்டால் அந்தச் சாவு நமக்கு யாரோ ஒரு நோயாளியின் சாவு. சர்வர் சுந்தரத்தில் டபரா டம்ளரைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வருகிறாரே, நமக்கு அந்தக் கோபுரம் விழுந்துவிடுமோ என்று பதைபதைப்பு, அவருக்கு முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அந்த ஆள் பிரியப்பட்ட பெண் நண்பனை விரும்புகிறாள் என்று தெரியும்போது நமக்கு வலிப்பது, முதலில் அந்தக் கோபுரத்தை ரசித்ததால்தான். ஆக, அக்கா கொண்டுவந்த மூன்று சாட்சியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அபூர்வ ராகங்களில் அந்தக் குடிகார டாக்டர் தன் நிழலோடு கோப்பையை மோதிக் குடிக்கும் காட்சி இருக்கிறதே, அதை மட்டும் நான் தொடவில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக விருதுக்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணி அதைத்தான் பிரம்மாஸ்திரம் மாதிரி வீசியது. தேசிய விருது 1994இல் வந்த நம்மவர் படத்துக்கு, மகளைப் பறிகொடுத்த அப்பா வேடத்துக்குக் கிடைத்தது, ஆகவே நாடே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றார்கள். அந்தக் காட்சியில் அவர் நடித்ததைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இதைத் தீர்ப்பு என்பதா, தாமதம் என்பதா? அவர் நடிக்க வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. தேசிய அளவில் நடிகர்களுக்குத் தனி விருது கொடுக்க ஆரம்பித்ததே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான், துணை நடிகருக்கு என்று ஒரு பிரிவு வந்தது 1984ஆம் ஆண்டுப் படங்களுக்கு. தருமிக்கு விண்ணப்பம் போடவே வழியில்லை. வைத்தி காலத்தில் துணை நடிகர் என்ற வரிசையே கிடையாது. சரி, வந்த பிறகாவது? 1990இல் மைக்கேல் மதன காமராஜனில் முதலாளி பணத்தைச் சுருட்டிவிட்டு, மாட்டிக்கொண்டதும் பயத்தில் மேலும் மேலும் பொய்யை அடுக்கும் அவினாசி வந்தார். வயசு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, வேகம் அதே செல்லப்பா வேகம். விருது வந்ததா? அழுத பிறகுதான் வந்தது. சிரிப்பு என்றால் இளக்காரம் என்ற பழக்கம் எதிரணிக்கு மட்டும் சொந்தமில்லை, விருதுக் குழுக்களுக்கும் உண்டு என்பதற்குத்தான் அது சாட்சி.

இதில் இன்னொரு வேடிக்கை. அபூர்வ சகோதரர்களில் வில்லன் தர்மராஜாக வந்தாரே, அதைக்கூட எதிரணி தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, மிரட்டினார்! சிரிப்பு இல்லாத எல்லாமே உங்கள் கணக்கு என்றால் அப்புறம் தலைப்பு எதற்கு?

மணி அடிக்கிறீர்கள், ஐயா. ஒரே நிமிஷம். அடுத்துப் பேச வருகிற தம்பிக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். மகளிர் மட்டும் படத்தில் நாகேஷ் பிணமாக வருகிறார். வசனம் கிடையாது, கண்ணைத் திறக்கக் கூடாது, மூச்சு தெரியக் கூடாது. செத்தது தங்கள் மேலதிகாரி என்று நினைத்துக்கொண்டு மூன்று பெண்கள் அவரை இழுக்கிறார்கள், தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள். தலை ஒரு பக்கம் தொங்குகிறது, கை இன்னொரு பக்கம் விழுகிறது, அது எந்தப் பக்கம் எப்போது விழ வேண்டும் என்பதை அந்தப் பிணம் அச்சு மாறாமல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தியேட்டர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக்கிடந்தது. உங்கள் வாதப்படி சாவு என்றால் கலங்கவைக்க வேண்டும். பிணமும் உங்களுடையதுதானா, தம்பி? வந்து பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.