ஆபரேஷன் முடிஞ்சு கைல குடுக்குற மாத்திரை

வணக்கம். ஆம்பளைங்க பண்ணிக்கிற குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், வாசெக்டமி, அரை மணி நேரத்துக்குள்ள முடியுற வேலை. கத்தி வைக்காம சின்னதா துளை போட்டு பண்ற முறை 1974-லயே சீனாவுல வந்துடுச்சு. எல்லாரும் பயப்படுறது அந்த துளைக்குத்தான், நான் பயப்படுறது வீட்டுக்கு குடுத்து அனுப்புற மாத்திரை கவருக்கு.

மரத்துப்போக போடுற ஊசி இருக்கே, லிக்னோகெயின், அதுக்கு நிஜமான அலர்ஜி ரொம்ப அபூர்வம். ஊசியைப் பார்த்ததும் வேர்த்து, கண்ணு இருட்டுதுன்னா முக்காவாசி அது பயத்துல வர்ற மயக்கம். ஆனா நம்மாளு ஆயுசுக்கும் "எனக்கு ஊசி ஒத்துக்காது"ம்பார்.

மாத்திரை கதை வேற. ஒருத்தர் வந்தார், ஆணுறுப்பு நுனில கருநீலமா வட்டமா ஒரு திட்டு, ஒரே எரிச்சல், ஆபரேஷன்ல ஏதோ கெட்டுப்போச்சுன்னு வீட்டம்மாகிட்ட கூட சொல்லாம உள்ளுக்குள்ளயே புழுங்கியிருக்கார். நான் கேட்டது ஒண்ணுதான், முன்னாடி இதே எடத்துல வந்திருக்கா? கொஞ்சம் யோசிச்சு, ஆமா டாக்டர், முன்ன முதுகுவலிக்கு மாத்திரை போட்டப்போன்னார். அதே வலி மாத்திரை! சில மருந்து இப்படித்தான், எத்தனை தடவை போட்டாலும் அதே எடத்துல வந்து நிக்கும், உதடும் பிறப்புறுப்பும் அதுக்கு ரொம்ப பிடிச்ச எடம். மருந்தை நிறுத்தினா எரிச்சல் ஆறிடும், கருப்பு மட்டும் மாசக்கணக்குல கிடக்கும். அதனாலதான் சொல்றேன், ஒத்துக்காத மாத்திரையோட பேரை எழுதி வைங்க. "வெள்ளையா உருண்டையா இருந்துச்சு"ன்னா நாங்க என்னத்த கண்டுபிடிக்க? பேரை எழுதி வைங்க. ஆஸ்துமா இருந்தா அதையும் சொல்லுங்க, ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை சிலருக்கு மூச்சையே இழுத்துடும்.

விதைப்பை லேசா வீங்கி கன்னிப்போறது அலர்ஜி இல்ல, பெருசாகிட்டே போனாத்தான் காட்டணும். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, மூச்சு திணறுச்சுன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸ், தொடையில அட்ரினலின் ஊசி போட்டாகணும். அடங்கினாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், ஆஸ்பத்திரியிலயே இருங்க. வாரம் கழிச்சு காய்ச்சலோட வாய்ப்புண்ணு, தோல்ல கொப்புளம் வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஓடுங்க.

நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க... ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்ல, எதுக்குன்னு கேளுங்க. அப்புறம், மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் எடுத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஆணுறை கட்டாயம்.