மொராக்கோவில் கறுப்பினப் பயணிகளுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு?

வணக்கம் மக்களே. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், மதீனா எனப்படும் மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் நின்று பேசுகிறேன். சந்து குறுகல். சுமைக் கழுதை வந்தால் "பாலக், பாலக்" (வழி விடு) என்று கத்துவார்கள், நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். கண்டுகொள்ளாதீர்கள்.

லண்டனில் இருக்கும் என் நைஜீரியத் தோழி ஒரு கேள்வி கேட்டாள். "மொராக்கோ அழகுதான். ஆனால் என்னைப் போன்ற கறுப்பினப் பெண் தனியாக வந்தால் எப்படி நடத்துவார்கள்?"

தாராளமாக வரலாம். ஆனால் இங்கே கிடைக்கும் மரியாதை நிறத்தை மட்டும் பொறுத்ததில்லை. உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைக்கிறார்களா, ஐரோப்பாவுக்குக் கடக்கக் காத்திருப்பவர் என்று நினைக்கிறார்களா? பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

கறுப்பின மக்கள் இந்த நாட்டுக்குப் புதியவர்கள் இல்லை. இதே மதீனாவுக்குள்தான் சூஃபி ஞானி அகமத் அல் திஜானியின் அடக்கத்தலம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து அவர் வழியைப் பின்பற்றும் யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள்; அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர்கள் பழகிய முகங்கள். தெற்கே சகோரா, மெர்சூகா பக்கம் போனால் மொராக்கோக்காரர்களிலேயே ஏராளமானோர் கறுப்பினத்தவர். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்ததுதான் க்னாவா இசை. 1998 முதல் எசவீரா என்ற கடற்கரை ஊரில் அதற்கு விழா நடக்கிறது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மேடையில் கொண்டாடும் ஊர் தெருவிலும் அப்படியே நடத்துகிறதா என்று கேட்டால், எப்போதும் இல்லை.

2013இல் காசாபிளாங்காவில் சில அடுக்குமாடிகளில், ஆப்பிரிக்கர்களுக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது செய்தியானது. ஆப்பிரிக்காவிலேயே இருந்துகொண்டு ஆப்பிரிக்கர்களுக்கு இல்லையாம்! அடுத்த வருடமே "என் பெயர் அஸ்ஸி இல்லை" என்று ஒரு பிரச்சாரம் கிளம்பியது. அஸ்ஸி என்பது இங்கே கறுப்பினத்தவரைத் திட்டும் வசைச்சொல். இன்றும் தெருவில் காதில் விழலாம். பெரும்பாலும் விடலைப் பையன்கள்தான். நின்று சண்டை போடாமல் நடையைக் கட்டுங்கள்.

நானும் நல்ல கறுப்புதான். ஒரு கடையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், "ஹிந்த்" (இந்தியா) என்று சொன்னதும் "ஷாருக் கான்!" என்று எழுந்து நின்று புதினா டீ ஊற்றினார். டீ அருமை. ஆனால் நிறம் அதேதானே? எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

கறுப்பின அமெரிக்க, பிரிட்டிஷ் பயணிகள் சொல்வதும் இதுதான்: ஆங்கிலத்தில் வாய் திறந்தால் எதிரே இருப்பவரின் தொனி மாறிவிடுகிறது. பிரெஞ்சு பேசினால் மேற்கு ஆப்பிரிக்கக் குடியேறி என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. முதலில் ஆங்கிலத்திலேயே பேசு என்று தோழிக்கு யோசனை சொல்லவே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன், பயன்படும்.

தங்குவதற்கு மதீனாவுக்குள் ரியாத் எனப்படும் முற்றத்து வீடுகளே நல்லது. வீட்டுக்காரரே மதீனா வாசலுக்கு ஆள் அனுப்பி அழைத்துப்போவார், இரவில் வழி தவறினால் ஒரு போன் போதும். வெள்ளிக்கிழமை மதியம் யாராவது கூஸ்கூஸ் (ரவையில் செய்யும் உணவு) சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். அந்த அன்பு நிஜம். "இந்தப் பாதை மூடியிருக்கிறது, நான் வழி காட்டுகிறேன்" என்று ஒட்டிக்கொள்பவர்களுக்கு எந்த நிறமும் ஒன்றுதான், எல்லோரிடமும் காசு கேட்பார்கள்.

அப்புறம் வடக்குப் பகுதி. டாஞ்சியர், நாடோர் பக்கம் போகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்பெயின் எல்லை அங்கே இருக்கிறது. 2018இல் அந்த ஊர்களில் கறுப்பினத்தவரைச் சுற்றிவளைத்துப் பேருந்தில் ஏற்றி, தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். 2022 ஜூன் 24 அன்று நாடோரை ஒட்டியிருக்கும் ஸ்பெயின் ஊரான மெலில்லாவின் எல்லை வேலியைத் தாண்ட முயன்றபோது குறைந்தது 23 பேர் இறந்தார்கள். ஆகவே பேருந்து நிலையத்தில் உங்களை மட்டும் நிறுத்தி அடையாளம் கேட்கலாம். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நுழைவு முத்திரைப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், ரியாத் முகவரியும் தயாராக இருக்கட்டும். நகரத்தில் போலீஸ் எண் 19, கிராமப்புறத்தில் 177.

தோழி அக்டோபரில் வருகிறாள். முதலில் ஃபெஸ், பிறகு எசவீரா. டாஞ்சியரை இந்த முறை விட்டுவிடலாம் என்றேன், அவள் கேட்பதாக இல்லை. சரி, கழுதை வருகிறது, பார்க்கலாம்.